ஏடிவி எஞ்சினை நண்பனோடு பிரித்துக் கட்டி இழுவையைக் கூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலாபம் பக்கம் என் நண்பனின் மாமாவுக்கு ஒரு தென்னந்தோட்டம் இருக்கிறது. அங்கே ஓடும் ஹொண்டா டி.ஆர்.எக்ஸ். 400 ஈ.எக்ஸ். ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி) மணலில் ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியது. எஞ்சினை மட்டும் கழற்றி வேனில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்தோம். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் வைத்து நானும் அவனும் ஐந்து மாதங்களில் பிரித்து, போரை (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையை) பெருப்பித்து, திருப்பிக் கட்டினோம். நாங்கள் மெக்கானிக்குகள் அல்ல. நான் ஒரு கடையில் கணக்கு எழுதுபவன், அவன் ஏசி பழுதுபார்ப்பவன். அதற்குப் பிறகு பலர் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். போனில் அரைகுறையாகச் சொல்லி ஒருவரின் எஞ்சினைக் கெடுக்க விருப்பமில்லை. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

இது எந்த மாதிரி எஞ்சின்? என்னுடைய வண்டிக்கும் பொருந்துமா?

1999 மொடலாக வந்த வண்டி இது. ஒற்றைச் சிலிண்டர், காற்றால் குளிரும் 4 ஸ்ட்ரோக், நான்கு வால்வு, அவற்றைத் திறக்கும் கேம் ஒன்று. போரின் விட்டம் 85 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 70 மி.மீ., கொள்ளளவு 397 சி.சி., கம்ப்ரஷன் (உள்ளே வரும் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 9.1:1. எக்ஸ்.ஆர். 400 மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு, போரும் ஸ்ட்ரோக்கும் ஒன்றே. சாமான் தேடும்போது இந்த உறவு உதவும்.

சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் (உள்குழாய்) உள்ள எந்த 4 ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டருக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். யமஹா பான்ஷீ மாதிரி 2 ஸ்ட்ரோக் என்றால் பொருந்தாது, அதன் வேலையே வேறு.

வண்டி இழுக்கவில்லை என்றால் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமா?

அவசரப்படாதீர்கள். பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்தபடி இருந்தால் எந்த எஞ்சினும் திணறத்தான் செய்யும். கிளட்ச் வழுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. எயார் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், கார்பரேட்டரைக் கழுவுங்கள், வால்வு இடைவெளியை அளந்து பாருங்கள். இவற்றில் ஒன்றே காரணமாக இருந்தால் உங்களுக்கு ஐந்து மாதம் மிச்சம்.

அப்புறம் கம்ப்ரஷன். கம்ப்ரஷன் மானியைப் பிளக் துளையில் திருகி, திரொட்டிலை முழுதாகத் திறந்து வைத்துச் சுற்றுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளவுங்கள். எண் நன்றாக ஏறினால் தேய்ந்தது ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றிப் போர் சுவரோடு ஒட்டி நிற்கும் வளையம்) போரும். ஏறாவிட்டால் வால்வுப் பக்கம் சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட் பண்ண இலகுவாக இருக்கட்டும் என்று கேமில் தானியங்கி டீகம்ப்ரஷன் (சுற்றும்போது அமுக்கத்தைக் கொஞ்சம் வெளியே விடும் அமைப்பு) வைத்த எஞ்சின்களில் மானி குறைவாகத்தான் காட்டும். ஆகவே ஒற்றை எண்ணைப் பார்த்துப் பயப்படாமல், முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்.

இன்னொரு சோதனைக்கு நண்பனின் தொழில் கைகொடுத்தது. பிஸ்டனை மேலே நிறுத்தி, கிராங்க் (பிஸ்டனால் சுற்றும் அடித்தண்டு) சுற்றாமல் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றினோம். ஏசி குழாயில் கசிவு தேடுகிறவன் அல்லவா, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயாகக் கேட்டான். சைலென்சர் பக்கம் அமைதி. கார்பரேட்டர் பக்கம் மெல்லிய சீறல். கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பெட்டி) மூச்சுக்குழாயில் காற்று கொட்டியது. அதாவது ரிங் போய்விட்டது, இன்டேக் வால்வு (காற்றும் பெற்றோலும் உள்ளே வரும் வால்வு) கொஞ்சம் கசிகிறது. ஒரு நட்டையும் கழற்றுவதற்கு முன்பே இரண்டு நோயும் தெரிந்துவிட்டன.

எதனால் தேய்ந்தது?

மணல். எயார் ஃபில்டர் பெட்டியின் ரப்பர் ஓரிடத்தில் மடிந்து, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. தோட்டத்து மணல் அந்த வழியாக உள்ளே போய்ப் போரை அரைத்திருக்கிறது. போரின் மேல்பகுதியில் 85.13, கீழே 85.04. புதுப் பிஸ்டன் போட்டு இந்த ரப்பரை அப்படியே விட்டிருந்தால் ஒரே வருடத்தில் அதே கதை. எஞ்சின் ஏன் கெட்டது என்று தெரியாமல் புதுச் சாமான் வாங்காதீர்கள்.

போர் பெருப்பித்தால் எவ்வளவு பவர் கூடும்?

கணக்குப் பார்ப்போம். 70 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 86 மி.மீ. போர் என்றால் 407 சி.சி. 87 என்றால் 416. 89 என்றால் 435. 87 போட்டால் கொள்ளளவு ஏறத்தாழ 5 சதவீதம் கூடும், 89 போட்டால் 10 சதவீதம் அளவுக்கு. மற்றவை எல்லாம் மாறாமல் இருந்தால் இழுவையும் கிட்டத்தட்ட அந்த விகிதத்தில்தான் கூடும். போர் பெருப்பித்தால் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் தேய்ந்த எஞ்சினில் ஏற்கெனவே தொலைந்துபோன இழுவை இருக்கிறது. கசிந்த ரிங்கையும் வால்வையும் சரியாக்கினாலே அது திரும்பி வந்துவிடும். எங்கள் வண்டியில் மாமா கண்ட வித்தியாசத்தில் பெரும்பங்கு அதனால் வந்தது என்றுதான் நினைக்கிறேன். போர், கம்ப்ரஷன், கேம், எக்ஸோஸ்ட், ஜெட் (கார்பரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் சிறு துளை) எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றால் அதற்கு மேலே கூடும்.

87 ஏன்? 89 போட்டிருக்கலாமே?

நண்பனும் இதைத்தான் கேட்டான். இரண்டு நாள் சரியாகக் கதைத்துக்கொள்ளவே இல்லை. 89 போட்டால் ஸ்லீவின் சுவர் மெலிந்துவிடும். மெல்லிய சுவர் சூட்டில் கோணும், கோணினால் ரிங் ஒட்டாது. 89 தான் வேண்டும் என்றால் தடித்த ஸ்லீவ் ஒன்றை இறக்குவதே ஒழுங்கான வழி. சிலாபம் வெயிலில், காற்றால் குளிரும் எஞ்சினில், அதுவும் மெதுவாக மணலில் இழுக்கும் வண்டியில் நான் அதற்குத் துணியவில்லை. ஸ்லீவின் தடிப்பை வேர்னியரால் அளந்து அவன் கையிலேயே கொடுத்தேன். அவன் ஒரு தாளில் கழித்துப் பார்த்துவிட்டு, "சரி மச்சான், 87" என்றான்.

பிஸ்டன், கேஸ்கட் எல்லாம் எங்கே எடுத்தீர்கள்?

கொழும்பில் வாகனச் சாமான் என்றால் பஞ்சிகாவத்தைதான். மருதானைச் சந்தியிலிருந்து நடந்தே போகலாம். ஏடிவி சாமான் என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். பாகத்தின் பெயரையும் அளவையும் சொல்லிக் கேளுங்கள். பேரிங்குக்கு அதன் ஓரத்தில் பொறித்த எண், ஒயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. அப்படிக் கேட்டபோது ஒரு கடை நானா பத்து நிமிடத்தில் ஐந்து சீல்களை மேசையில் வைத்தார். பழையதைக் கையில் கொண்டுபோங்கள், பேச்சு மிச்சம்.

பிஸ்டன் செட்டையும் கேஸ்கட் செட்டையும் வெளிநாட்டிலிருந்துதான் எடுத்தோம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து வருடங்களில், இருப்பதைப் பிரித்துக் கட்டி ஓட்டுவது இங்கே நிறையப் பேருக்குப் பழகிப்போனது. அதில் ஒரு நன்மை, நல்ல லேத் வேலைக்காரர்களுக்குக் கை இன்னும் படிந்திருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் டூப்ளிகேட் ரிங்கை மட்டும் வாங்காதீர்கள். அதைச் சேமிப்பு என்று நினைத்தால் எஞ்சினை இரண்டு தடவை பிரிக்க வேண்டி வரும்.

லேத்தில் போர் அடிக்கக் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

ஒரே விஷயம்: பிஸ்டன் கையில் இல்லாமல் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள்.

நாங்கள் கொடுத்தோம். முதலில் 86 போடுவதாகத்தான் திட்டம். பிஸ்டன் வந்து சேரும்வரை சும்மா இருப்பானேன் என்று சிலிண்டரை ஒரு பட்டறையில் கொடுத்துவிட்டோம். அவர்களும் கேட்கவில்லை, 86 என்று எழுதிக்கொண்டு அடித்துவிட்டார்கள். பிஸ்டன் வந்தது. மைக்ரோமீற்றரில் பிஸ்டனையும் போர் கேஜில் சிலிண்டரையும் அளந்தால் இடைவெளி 0.16 மி.மீ. பிஸ்டனைப் போரில் இறக்கி ஆட்டினால் கண்ணுக்கே தெரிந்தது. அதை அப்படியே கட்டினால் தட்டும் சத்தம் வரும், ஒயில் குடிக்கும், ரிங் சீக்கிரம் உடையும். அந்தப் பிஸ்டன் இன்னும் பெட்டியில் இருக்கிறது. 87 க்குப் போனது இப்படித்தான்.

இரண்டாவது முறை வேறு பட்டறை. அங்கிருந்த லேத் பாஸ் முதலில் கேட்டதே, "பிஸ்டன் எங்கே தம்பி?" என்றுதான். அந்த ஒரு கேள்வியிலேயே சிலிண்டரை நம்பிக் கொடுத்துவிட்டோம். அவர் பிஸ்டனை அதன் பின்னுக்குக் குறுக்காக, ஸ்கர்ட்டின் அடிப்பக்கம் அளந்தார். வார்ப்புப் பிஸ்டனை விட ஃபோர்ஜ் பிஸ்டன் (அழுத்தி அடித்துச் செய்தது) சூட்டில் கூட விரியும், அதற்குக் கூடுதல் இடைவெளி வேண்டும். பிஸ்டன் பெட்டியில் வந்த தாளில் உள்ள அளவையே அவருக்குக் கொடுத்தோம். அவர் அளவுக்குச் சற்றுக் குறைவாக அடித்து, மீதியை ஹோனிங்கில் (நுண்ணிய கல்லால் தேய்ப்பதில்) எடுத்தார். திரும்பி வந்ததும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், இரண்டு திசையில், ஆறு அளவு எடுத்தோம். ஆறும் ஒன்றுக்கொன்று நூறில் ஒரு மி.மீ. கூட மாறவில்லை. நண்பன் அந்த ஆறு எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டான்.

ஹோனிங் முடிந்த சிலிண்டரைப் பெற்றோலில் கழுவினால் போதாதா?

போதாது. ஹோனிங் கல்லின் தூள், அது சுவரில் இழுத்த குறுக்குக் கோடுகளுக்குள் ஒட்டியிருக்கும், பெற்றோல் அதை வெளியே எடுக்காது. சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம், பிரஷ். வடிவாகத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவுங்கள். எங்களுக்கு ஐந்தாவது கழுவலில்தான் துணி வெள்ளையாக வந்தது. கழுவிய உடனே ஒயில் தடவுங்கள். வெள்ளவத்தையில் கடல் காற்றுக்கு இரும்பு ஸ்லீவ் அரை மணி நேரத்தில் செம்மை தட்டத் தொடங்கிவிடும். பாகம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒயிலோடு கட்டி வைத்ததும் அதற்காகத்தான்.

ரிங் இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும்?

முதலில் பிஸ்டன் தாளைப் பாருங்கள். பொதுக் கணக்கு ஒன்று இருக்கிறது: போரின் ஒவ்வொரு 25 மி.மீ. க்கும் 0.1 மி.மீ. 87 க்கு 0.35 வரும். ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகளால்) அளவுங்கள். குறைவாக இருந்தால் ரிங் முனையை நுண்ணிய அரத்தால் ஒரே திசையில் இழுங்கள். கூடினால் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். குறைந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி, ரிங் போரைக் கிழித்துவிடும். எந்தப் பக்கம் தவறினாலும் பரவாயில்லை என்று நினைக்கக் கூடாத இடம் இது. ரிங்கில் உள்ள குறி மேலே பார்க்க வேண்டும், ரிங்குகளின் வாய்கள் ஒரே கோட்டில் வரக் கூடாது.

கம்ப்ரஷனைக் கூட்டினால் எந்தப் பெற்றோல் போட வேண்டும்?

இங்கே பெற்றோல் நிலையங்களில் 92 ஒக்டேனும் 95 ஒக்டேனும் கிடைக்கின்றன. ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) கையே வைக்காமல் போரை மட்டும் பெருப்பித்தாலும் கம்ப்ரஷன் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. 397 சி.சி. யில் 9.1:1 என்றால் எரியறையின் இடம் 49 சி.சி. அளவு. அதே இடத்துக்குள் 416 சி.சி. யை அமுக்கினால் 9.5:1. குமிழ் வைத்த பிஸ்டன் என்றால் இன்னும் கூடும்.

நாங்கள் பெட்டியில் எழுதிய எண்ணை நம்பாமல் அளந்தோம். பிஸ்டனை மேலே நிறுத்தி, ஓரத்தைக் கிறீஸால் அடைத்து, மண்ணெண்ணெயை மருந்து ஊசியால் சி.சி. சி.சி. யாக விட்டுப் பார்த்தோம். ஹெட்டையும் தலைகீழாக வைத்து அப்படியே. கேஸ்கட் தடிப்பையும் சேர்த்தால் 44.5 சி.சி. வந்தது, அதாவது 10.3:1. இந்த அளவில் காற்றால் குளிரும் எஞ்சினுக்கு 95 தான் போடுகிறோம். 11 க்கு மேல் போகும் ஆசை வேண்டாம். இங்கே மதியம் 30 பாகைக்கு மேல் போகும், வண்டி மெதுவாக ஓடும், காற்று போதாது. நொக்கிங் (பெற்றோல் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வந்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழ அதிக நேரம் எடுக்காது.

கேமும் மாற்றினீர்களா? வால்வு பிஸ்டனில் அடிக்காதா?

மாற்றினோம், மிதமானது. மேல் வேகத்துக்கான கேம் போட்டால் கீழ் இழுவை குறையும். மணலில் வேண்டியது கீழ் இழுவை.

அடிக்குமா என்று தெரிந்துகொள்ளப் பிள்ளைகள் விளையாடும் களிமண் போதும். வெள்ளவத்தைப் புத்தகக் கடையில் ஒரு பெட்டி வாங்கினோம். பிஸ்டன் தலையில் வால்வுக் குழி இருக்கும் இடங்களில் அப்பி, மேலே துளி ஒயில் தடவி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை வைத்து இறுக்கி, கேமையும் செயினையும் குறிக்கு நேராகப் போட்டு, கிராங்க்கைக் கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றினோம். எங்காவது கடினமாகப் பட்டால் நிறுத்துங்கள், பலவந்தம் வேண்டாம். ஹெட்டைத் தூக்கினால் பச்சைக் களிமண்ணில் நான்கு பிறை பதிந்திருந்தது. சவர அலகால் பிறையின் குறுக்கே வெட்டி, மெல்லிய இடத்தை வேர்னியரில் பிடித்தோம். இன்டேக் பக்கம் 1.8, எக்ஸோஸ்ட் பக்கம் 2.1. இன்டேக்கில் 1 மி.மீ. யும் எக்ஸோஸ்ட்டில் 1.5 மி.மீ. யும் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் பச்சைத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தபோது வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

இன்டேக் வால்வை அரைக்கும் பேஸ்ட் போட்டு அரைத்தோம். அரைத்து முடிந்ததும் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் சொட்டு விழாமல் இருந்தால் சரி.

பிரித்துக் கட்டும்போது எதில் மிகக் கவனம்?

பிஸ்டன் பின்னின் லொக்கில். அது ஒரு சின்னக் கம்பி வளையம். போடும்போது விரலிலிருந்து தெறித்தால் நேரே கிராங்க்கேஸுக்குள் போகும். அதைப் போடுமுன் திறந்த வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். எங்களுடையது தெறித்தது, துணியில் விழுந்தது. துணி இல்லாமல் இருந்திருந்தால் எஞ்சினை முழுதாகப் பிளந்திருப்போம். பழைய லொக்கை மறுபடி போடக் கூடாது.

கனெக்டிங் ரொட்டைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று ஆடலாம், மேல் கீழாக ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் கிராங்க் வேலை, அதை வீட்டில் செய்ய முடியாது.

ஒயில்?

இது ட்ரை சம்ப் எஞ்சின். ஒயில் தனித் தொட்டியில் இருக்கும், ஆகவே தொட்டி, கிராங்க்கேஸ் இரண்டையும் வடிக்க வேண்டும். கட்டி முடித்ததும் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, டாப்பட் மூடியை (வால்வுகளுக்கு மேலே உள்ளது) திறந்து மேலே ஒயில் வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். வந்த பிறகுதான் பிளக்.

கார் ஒயில் ஊற்றாதீர்கள். கிளட்ச் அதே ஒயிலில்தான் நனைகிறது. கார் ஒயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்குச் சேர்த்திருந்தால் கிளட்ச் வழுக்கும். டின்னில் ஜாசோ எம்.ஏ. (ஒயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்ற குறி) என்று இருக்க வேண்டும்.

கார்பரேட்டர் ஜெட்டை எப்படித் தீர்மானிப்பது?

திரொட்டில் திறப்பைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கால் பங்கு வரை பைலட் ஜெட், கால் முதல் முக்கால் வரை ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எக்ஸோஸ்ட்டையோ ஃபில்டர் பெட்டியையோ மாற்றினால் காற்று கூடும், பெற்றோலும் கூட வேண்டும்.

மெயின் ஜெட்டுக்குப் புதுப் பிளக் போட்டு, நேர்ப்பாதையில் முழு திரொட்டிலில் ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்தி, கிளட்சைப் பிடித்து நிற்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளந்தேநீர் நிறம் நல்லது. வெள்ளை என்றால் பெற்றோல் போதாது. கரி பிடித்திருந்தால் கூடிவிட்டது. பீங்கானில் வெள்ளி மாதிரிப் பொட்டுகள் தெரிந்தால் அது உருகிய அலுமினியம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள்.

கடல்மட்டத்தில் பார்த்துச் சரிசெய்த ஜெட் மலைக்குச் சரிவராது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதற்கேற்ப மெயின் ஜெட்டை இறக்க வேண்டும். இழுவையும் கொஞ்சம் போகும், அது எஞ்சினின் பிழை இல்லை.

ரன்னிங்-இன் (புதிதாகக் கட்டிய எஞ்சினை ஓட்டிப் பழக்குவது) எப்படிச் செய்தீர்கள்?

முதல் ஸ்டார்ட்டில் சில நிமிடம் ஓடவிட்டு, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டோம். மூன்று தடவை அப்படி. பிறகு தோட்டத்தில் மிதமான பாரத்தோடு, திரொட்டிலைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினோம். சும்மா நிறுத்தி வைத்து நெடுநேரம் ஐடிலில் விட்டால் ரிங் ஒட்டாது, போர் வழுவழுப்பாகிவிடும். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்த்தோம். மெல்லிய சாம்பல் தூள் இருக்கலாம். நகத்தில் படும் அளவு துண்டு இருக்கக் கூடாது.

தொடர்மாடியில் இதைச் செய்ய விட்டார்களா?

கேட்டுத்தான் செய்தோம். சுத்தியல், அரம், கழுவல் எல்லாம் இரவு ஏழு மணிக்கு முன். எஞ்சினை அங்கே ஒருநாளும் ஸ்டார்ட் பண்ணவில்லை, அது சிலாபத்தில். பழைய ஒயிலைக் கானில் ஊற்றவில்லை, கலனில் சேர்த்து ஒரு சேர்விஸ் நிலையத்தில் கொடுத்தோம். மூன்றாம் மாடி அன்ரி சில சனிக்கிழமைகளில் பிளேன்டீ இறக்கிவிடுவார்.

நண்பனோடு சேர்ந்து செய்தால் சண்டை வராதா?

வரும். ஆனாலும் இந்த வேலையை நான் தனியாகச் செய்யமாட்டேன். சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

முதல் நாளே ஒரு கொப்பி வாங்கினோம். இடப்பக்கம் அளவு, வலப்பக்கம் காசு. யார் எவ்வளவு போட்டார், எதற்கு, பற்றுச்சீட்டு எங்கே என்று எல்லாம் அதில். காசு பற்றி வாய்ப்பேச்சே இல்லாததால் காசுச் சண்டையும் இல்லை. வீணாய்ப் போன 86 பிஸ்டனின் விலையையும் பாதிப் பாதியாக எழுதினோம். யோசனை யாருடையது என்று அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. என்னுடையதுதான்.

அப்புறம் வேலைப் பிரிப்பு. ஒருவர் கையில் ஸ்பனர், மற்றவர் கையில் சேர்விஸ் கையேடு. வாசிப்பவர் அளவைச் சத்தமாகச் சொல்வார், இறுக்குபவர் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் இறுக்குவார். இறுக்கியவர் தன் போல்ட்டுக்குத் தானே சரி போடக் கூடாது. மற்றவர் டோர்க் ஸ்பனரை வைத்துப் பார்த்துவிட்டு, தலையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பார். கோடு இல்லாத போல்ட் இறுக்காத போல்ட். இப்படித்தான் கேம் செயின் ஒரு பல் தள்ளி விழுந்திருந்ததை அவன் கண்டுபிடித்தான். நான் இரண்டு தடவை பார்த்து, சரி என்று சொல்லியிருந்தேன். அவன் பக்கவாட்டிலிருந்து குனிந்து பார்த்து, "இல்லை மச்சான், ஒரு பல் பின்னால நிக்குது" என்றான். அப்படியே ஸ்டார்ட் பண்ணியிருந்தால் எஞ்சின் ஒழுங்காக ஓடியிருக்காது. இரண்டு பல் என்றால் வால்வே வளைந்திருக்கக் கூடும்.

களைத்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் நாங்கள் இறுக்கிய எதுவும் காலையில் சரியாக இருந்ததில்லை.

பவர் கூட்டிய பிறகு வேறு எதை மாற்ற வேண்டும்?

பிரேக் பேட், கிளட்ச் ஸ்பிரிங், செயின். பிரேக்கை முதலில் செய்யுங்கள்.

வீதியில் ஓட்டலாமா?

வேண்டாம். இந்த வண்டியின் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுற்றும், டிஃபரன்ஷியல் கிடையாது. அகலமான, காற்றுக் குறைந்த டயர்கள் வேறு. தார் வீதியில் வளைவு எடுத்தால் வழுக்க வேண்டிய சக்கரம் வழுக்காமல் வண்டியைக் கவிழ்த்துவிடும். சொந்த நிலம், ஹெல்மெட், பூட்ஸ், ஒருவர் மட்டும். ஓட்டும் நேரத்தில் பிள்ளைகளைப் பாதையோரத்தில் நிற்க விடாதீர்கள். 2024 ஏப்ரலில் தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறு பிள்ளையும் உண்டு. தோட்டம்தானே என்று நினைக்க வேண்டாம். நாங்கள் பாதையோரத் தென்னைகளுக்கு இடையில் கயிறு கட்டி, பார்ப்பவர்களை அதற்கு வெளியே நிறுத்தித்தான் ஓட்டுகிறோம்.

மறுபடி எப்போது பிரிக்க வேண்டும்?

நாளைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். ரன்னிங்-இன் முடிந்ததும் எடுத்த கம்ப்ரஷன் எண் கொப்பியில் இருக்கிறது. அதே மானி, அதே பற்றரி நிலை, சூடான எஞ்சின் என்று வைத்து ஒவ்வொரு 20 மணி நேர ஓட்டத்துக்கும் ஒருமுறை அளக்கிறோம். வால்வு இடைவெளியையும் அப்போதே பார்க்கிறோம், ஃபில்டர் பெட்டியின் ரப்பரையும் விரலால் சுற்றித் தடவிப் பார்க்கிறோம். நண்பன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். அளந்த அன்று இரவே எண்ணை அவனுக்கு அனுப்புவேன். கடைசியாக அனுப்பிய மூன்று எண்களும் ஒன்றுதான். நான்காவதை அடுத்த மாதம் அவன் லீவில் வரும்போது அவனே எடுக்கட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.